மூளை மாற்றித் தரப்படும்

எங்கள் தொழிலில், பொருளைக் கொண்டு வருகிறவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்: "நாங்க ஒண்ணுமே பண்ணலைங்க, தானா ஆயிடுச்சு." நானும் நம்பினவன் மாதிரி தலையை ஆட்டிவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பேன். நம்பாமல் என்ன செய்ய? அடுத்த கடை ரெண்டு எட்டில் இருக்கிறது.

எனக்குப் படிப்பு அவ்வளவாக ஏறவில்லை. ரேடியோவில் ஆரம்பித்தேன், அப்புறம் டிவி, அப்புறம் டிவிடி, இப்போது லேப்டாப். ஒவ்வொன்றும் சாகிற நேரத்தில் அடுத்ததன் காலைப் பிடித்துக்கொண்டு கரையேறினவன். திருத்தணியில் மலைக்குப் போகிற வழியில், மொட்டை போட்டுச் சந்தனம் பூசின தலைகள் வரிசையாகப் போகிற தெருவில் என் கடை. பாதிக் கடைதான் எனக்கு. மீதிப் பாதியில் தயாளன் செல்போன் ரிப்பேர் செய்கிறான். வாடகையில் பாதி, டீயில் பாதி, வருகிறவர்கள் திட்டுவதிலும் பாதி.

இந்தப் பக்கத்தில் பழைய லேப்டாப் இல்லாத தெரு கிடையாது. பன்னிரண்டாவது படித்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்தது, மூடியில் முத்திரை போட்டது. அந்தப் பிள்ளைகளுக்கே இன்றைக்குப் பிள்ளைகள் பிறந்துவிட்டன. லேப்டாப் மட்டும் போகவில்லை. ஆரம்பத்தில் வந்த சிலவற்றில் பிராசசர், அதாவது உள்ளே எல்லாக் கணக்கையும் போடுகிற சில்லு, ஒரு குழியில் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் இருக்கிற திருகைக் கொஞ்சம் திருப்பினால் பூ மாதிரி கையோடு வந்துவிடும். அதே இனத்தில் கொஞ்சம் பலமானதைப் பார்த்து உட்கார வைத்தால், படுத்த மாடு எழுந்து ஓடும். இது தெரிந்ததும் தயாளன் ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினான்: 'பழைய லேப்டாப்புக்கு மூளை மாற்றித் தரப்படும்.' சனி அன்றைக்குத்தான் பிடித்தது. என்னைப் போலவே கடை விரித்து உட்கார்ந்திருக்கிற பாவிகளே, போர்டில் என்ன எழுதுகிறோம் என்று நீங்களாவது ஒரு தரம் யோசித்துக்கொள்ளுங்கள்.

பார்சலா, இங்கயேவா?

அட்டையைப் பார்த்துவிட்டு முதலில் உள்ளே வந்தவர் கனகம்மாசத்திரத்தில் ரோட்டோரம் டிபன் கடை வைத்திருப்பவர். மகளுடைய லேப்டாப். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், கல்யாணப் போட்டோவெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. லேப்டாப்பை மேசை மேல் வைத்தவர் கையை எடுக்கவே இல்லை. "மூளைய எடுத்துட்டா உள்ள கீற போட்டோல்லாம் மறந்துடாதா?" என்று கேட்டார். அதெல்லாம் மறக்காது, மூளை வேறு, ஞாபகம் வேறு, ஞாபகத்துக்குத் தனிப் பெட்டி இருக்கிறது என்று ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அவர் உள்ளங்கையிலேயே வைத்துக் காட்டினேன்.

அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "அப்ப மூளை கெட்டுப் போனாலும் ஞாபகம் அப்படியே இருக்கும்ன்ற?" "ஆங், ஒண்ணும் ஆவாது" என்றேன். நான் ஏதோ தொழில் கெட்டிக்காரன் மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்த டிபன் கடையை முதலில் நடத்தினது அவருடைய அப்பா. இப்போது வீட்டோடு கிடக்கிறாராம். எனக்கு அது தெரியாது. ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்:

"எங்க நைனாவுக்கு மட்டும் ரெண்டையும் ஒரே எடத்துல வெச்சி அனுப்பிட்டான் பாருங்க அந்த ஆண்டவன். பெத்த புள்ள என்னப் பாத்தே, 'பார்சலா, இங்கயே சாப்புடறியா'ன்னு கேக்கறாரு."

நீலப் பஞ்சு

பத்மா முதல் தடவை வந்தபோது லேப்டாப்பை ஒரு புது லுங்கியில் சுற்றிக் கொண்டுவந்தாள். பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். உட்காரும்மா என்று ஸ்டூலைத் தள்ளினேன். "வோணாம் நைனா, பஸ்ல உக்காந்ததே போதும்" என்று இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். முப்பது வயசுக்காரிக்கு அறுபது வயசு நிற்பு. மூடியில் முத்திரை இருந்தது. "இது எனக்கே குடுத்தது நைனா, பன்னெண்டாவதுல" என்றாள்.

அடிமூடியைக் கழற்றினால் காற்றாடியைச் சுற்றி மெத்தை தைத்த மாதிரி நீலப் பஞ்சு. "வீட்ல நீலக் கட்டம் ஓடுதாம்மா?" என்றேன். "ஆங், எப்படித் தெரியும்?" என்று ஆச்சரியப்பட்டாள். தறி ஓடுகிற வீட்டு லேப்டாப்பைத் திறந்தாலே போதும், அந்த வீட்டில் என்ன கலர் லுங்கி ஓடுகிறதென்று சொல்லிவிடலாம். நீலத்தை உரித்தால் கீழே பச்சை, அதற்கும் கீழே சிவப்பு.

வீட்டில் ரெண்டு பவர்லூம். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து புருஷனோடு சேர்ந்து நின்று ஓட்டியதில் அவள் முதுகில் வட்டு விலகிவிட்டது. இனித் தறியில் நிற்காதே, கொஞ்ச நேரம் உட்கார், கொஞ்ச நேரம் எழுந்து நட, எதையும் ஒரேயடியாகச் செய்யாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். நூல் கொடுத்து லுங்கி எடுத்துப் போகிற முதலாளி, படித்த பெண்ணாயிற்றே என்று லுங்கிக் கட்டம் வரைகிற வேலையைக் கொடுத்தார். எந்தக் கலர், எத்தனை இழை என்று கம்ப்யூட்டரில் போட்டால் திரையில் லுங்கி விரியும். வியாபாரிகள் அதைப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் நூலுக்குச் சாயம் ஏறும். ஆனால் ஒரே ஒரு கலரை மாற்றினாலும் இந்தப் பழைய லேப்டாப் முழு லுங்கியையும் முதலிலிருந்து வரையும். வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு, சென்னையில் ஒரு பையன் சீக்கிரமாகப் போடுகிறான், அவனிடமே கொடுத்துவிடுகிறேன் என்றிருக்கிறார். கொடுத்துவிட்டால் பத்மா மறுபடி தறியில்தான் நிற்க வேண்டும். பஞ்சையெல்லாம் உருவி எடுத்துவிட்டுப் பிராசசரைப் பார்த்தேன். குழியில் உட்கார்ந்திருக்கிற சாதிதான், மாற்றலாம் என்றேன். அவள் முகம் தெளிந்தது.

"மூளைய மாத்திக் குடுத்துடு நைனா, என் முதுகு தப்பிச்சிக்கும்."

வேற வரன் பாப்போம்

பலமான பிராசசர் வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும். தயாளன் சாமான் வாங்க ரயில் ஏறினபோது எழுதிக் கொடுத்தேன். கொண்டுவந்தான். தங்கக் கால்கள் வரிசையாக, முள்ளு முள்ளாக, அழகாகத்தான் இருந்தது. குழியில் வைத்தேன், உட்கார்ந்தது. திருகை இறுக்கி ஸ்விட்சைப் போட்டேன். லைட் எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, திரை மட்டும் அமாவாசை. உட்கார்ந்த பிராசசரை லேப்டாப்பின் மதர்போர்டு 'நீ யார்' என்று கேட்கிறது, இதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விஷயம் அவ்வளவுதான். திருப்பிக் கொடுக்கப் போனால் விற்றவர், காலை மடக்கிவிட்டீர்கள் என்று நம் தலையிலேயே கட்டுகிறார். மடங்கவே இல்லை. யாரிடம் போய்ச் சொல்ல?

லேப்டாப் என் கடையில் கிடந்த நாட்களில் பத்மா சும்மா இருக்க முடியுமா? தறியில் நின்றிருக்கிறாள். போன் போடுகிறபோது பின்னால் தறிச் சத்தம் தடதடவென்று கேட்கும், அதற்கு மேலே அவள் கத்துவாள்: "நைனா, ஆயிடுச்சா?" ஒவ்வொரு தடவையும் "ஆவுதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைக்கிறபோது என் முதுகே வலிக்கிற மாதிரி இருக்கும். நான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தயாளன் பார்த்தான். பஜ்ஜியை வாயில் வைத்துக்கொண்டே சொன்னான்:

"இன்னாத்துக்கு இப்ப ஒப்பாரி வெக்கற? பொண்ணு புடிச்சிருக்குது, ஜாதகம்தான் பொருந்தல. வேற வரன் பாப்போம், வுடு தலைவரே."

பிடுங்கின பல்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதை மாற்றினாலும் பழசைக் கையில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால், மாற்றவே இல்லை, துடைத்துவிட்டு ஏமாற்றிவிட்டான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள். அதனால் பக்கத்துப் பூஜை சாமான் கடையில் விபூதி போட்டு விற்கிற சின்ன பிளாஸ்டிக் கவர் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறேன். பழைய பிராசசரை அதில் போட்டு மடித்துக் கொடுப்பேன். கவர் மேல் வேலும் மயிலும் அச்சடித்திருக்கும். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பையில் வைப்பார்கள்.

மணவூரிலிருந்து ரயிலில் வந்த ஒருவர், வேலை முடிந்ததும் கவருக்காகக் கையை நீட்டினார். "இத வெச்சிகினு இன்னா சார் பண்ணுவீங்க? விக்கவும் முடியாது, போடவும் முடியாது" என்றேன், பேச்சுக்குத்தான். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வாயைத் திறந்து உள்ளே இருக்கிற பொக்கையைக் காட்டினார்.

"இந்தக் கடவாப் பல்ல புடுங்கின டாக்டர்கிட்டயே அந்தப் பல்லக் கேட்டு வாங்கினவன் நானு. மூளைய உட்டுட்டுப் போவேனா?"

டீக்கு நேரமில்லை

தயாளன் ரெண்டாவது தடவை கொண்டுவந்த வரனுக்கு ஜாதகம் பொருந்திவிட்டது. பத்மா புருஷன் முனிரத்தினத்தோடு வந்தாள். முனிரத்தினம் அதிகம் பேசாத மனுஷன். ஆனால் நாம் செய்வதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பான். பழசை எடுத்து விபூதிக் கவரில் போட்டுக் கொடுத்தேன். புதுசை உட்கார வைத்து, அதன் தலையில் வெள்ளைப் பேஸ்ட் ஒரு பொட்டு வைத்தேன். "இது இன்னாத்துக்கு நைனா?" என்று முனிரத்தினம் வாயைத் திறந்தான். படிக்காதவனுக்குப் படிக்காதவன் எப்படிச் சொல்வது? தெருவில் போகிற ஒரு மொட்டையைக் காட்டினேன். "மொட்டத் தலைக்குச் சந்தனம் பூசறாங்க இல்ல, சூட்டுக்கு? அந்த மாதிரி." எல்லா வாடிக்கைக்காரருக்கும் இதைத்தான் சொல்வேன். ஒருத்தருக்கும் புரியாமல் போனதில்லை.

ஸ்விட்சைப் போட்டேன். பத்மா நின்றுகொண்டே குனிந்து ஒரு லுங்கியைத் திறந்தாள். மஞ்சளைத் தட்டிப் பச்சையாக்கினாள். விரலை எடுப்பதற்குள் லுங்கி முழுக்கப் பச்சை விரிந்துவிட்டது. மறுபடி சிவப்பாக்கினாள். மறுபடி நீலம். சின்னப் பிள்ளை மாதிரி மாற்றி மாற்றிப் பார்த்தாள். வட்டம் தலை காட்டவே இல்லை. முனிரத்தினம் விபூதிக் கவரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் வைத்தான். பத்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, சத்தியமாகச் சொல்கிறேன், என் தொழிலில் அந்த மாதிரிக் கூலி நான் வாங்கினதில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"அய்யே, டீ குடிக்கக்கூட டைம் குடுக்காது போலக்குதே இது!"

மொட்டைக்குச் சந்தனம்

கொஞ்ச நாள் கழித்து முனிரத்தினம் மட்டும் லேப்டாப்போடு வந்தான். போட்டால் கொஞ்ச நேரம் ஓடுகிறது, தானாக அணைந்துவிடுகிறது. "இன்னா பண்ணீங்க?" என்றேன். "ஒண்ணுமே பண்ணல நைனா, தானா ஆயிடுச்சு" என்றான். அடிமூடியைக் கழற்றினேன். கடை முழுக்கக் கோயில் வாசனை. தயாளன் தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டான். காற்றாடியில் இந்தத் தடவை ஆரஞ்சுப் பஞ்சு. அதைத் தாண்டி, சூட்டை வெளியே இழுக்கிற செம்புத் தகட்டைத் தூக்கினால், பிராசசர் தலையில் நான் வைத்த பேஸ்ட்டைக் காணோம். கெட்டியாக, காய்ந்து, வெடித்துப்போய், சந்தனம்.

பலமான பிராசசர் சூடும் அதிகம். தறி வீட்டுப் பஞ்சு காற்றாடியை அடைத்ததும் லேப்டாப் கொதித்திருக்கிறது. முனிரத்தினம் பார்த்திருக்கிறான். இது பொண்டாட்டியின் முதுகு சம்பந்தப்பட்ட விஷயமாயிற்றே என்று, அன்றைக்கு நான் கழற்றின மாதிரியே, ஒரு திருகு தொலையாமல், கழற்றி மாட்டியிருக்கிறான். சாமி பாதத்தில் சாத்தின சந்தனம், நோய் நொடி எல்லாம் தீரும் என்று வாங்கிப்போய் வீட்டில் வைத்திருந்தது. அது காய்ந்தால் சூட்டை வெளியே விடாது, உள்ளேயே கட்டிவிடும். நல்லவேளை, பிராசசர் தாங்காத சூடு வந்தால் தன்னையே அணைத்துக்கொள்கிற ஜாதி. சுரண்டித் துடைத்து மறுபடி பேஸ்ட் வைத்தேன். திட்டுவதற்கு வாய் வந்தது. அதற்குள் அவன் ரொம்பப் பணிவாக, சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டான்:

"மொட்டைக்குச் சந்தனம்னு நீதானே நைனா சொன்ன? நானும் கண்ட கடைச் சந்தனம் வெக்கல, மலை மேலருந்து கொண்டாந்ததத்தான் வெச்சேன்."

மெதுவானது வேண்டும்

அடுத்து பத்மா வந்தாள், தனியாக. புடவைக்கு மேல் இடுப்பில் அகலமாக ஒரு பெல்ட். மேசை மேல் லேப்டாப்பை வைத்தாள். அதன் மேல் விபூதிக் கவரை வைத்தாள். உள்ளே பழைய பிராசசர், மேலே கொஞ்சம் குங்குமம். பூஜை அலமாரியில் வைத்திருந்திருக்கிறார்கள். "புதுசு ஓடலையாம்மா?" என்றேன். "நல்லா ஓடுது நைனா. அதான் தொல்லை. இந்தப் பழசையே திருப்பிப் போட்டுக் குடுத்துடு" என்றாள். இத்தனை காலத்தில் ஒருத்தரும் என்னிடம் மெதுவாக்கிக் கொடு என்று வந்து கேட்டதில்லை. தயாளன் கையிலிருந்த போனை அப்படியே வைத்துவிட்டான்.

முன்பெல்லாம் ஒரு கலரை மாற்றினால் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். அவள் எழுந்து போவாள். தறிக்கு நூல் சுற்றி வைப்பாள், சோற்றை வடிப்பாள், சும்மாவாவது வாசல்வரை நடந்துவிட்டு வருவாள். வந்தால் லுங்கி தயாராக இருக்கும். டாக்டர் சொன்னதை லேப்டாப்பே செய்ய வைத்துக்கொண்டிருந்தது. இப்போது எழுந்திருக்க வழியில்லை. விரலை எடுப்பதற்குள் முடிந்துவிடுகிறது. முடிந்துவிடுகிறதென்று முதலாளிக்கும் தெரிந்துவிட்டது. வீடியோ காலில் உட்கார்ந்துகொண்டு, அந்த மஞ்சளை இறக்கு, இந்தப் பச்சையை ஏற்று, இன்னொரு கட்டம், இன்னொரு கட்டம் என்கிறாராம். சென்னைப் பையனை நிறுத்திவிட்டு அவன் வேலையையும் இவள் தலையில் வைத்துவிட்டார். காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை உட்கார்ந்தபடி. "முதுகு வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன். "சொன்னேனே. அவ்ளோ பழைய மிஷினுக்கே முடியுது, உனக்கு இன்னா நோவுன்றாரு" என்றாள். நான் திருகைத் திருப்பிப் புதுசை வெளியே எடுத்தேன். பழசு தன் குழியைக் கண்டதும் சொந்த வீட்டுக்குத் திரும்பின மாதிரி உட்கார்ந்தது. புதுசை அதே விபூதிக் கவரில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். ஸ்விட்சைப் போட்டதும் வட்டம் வந்து சுற்ற ஆரம்பித்தது. அதைப் பார்த்துக்கொண்டே பத்மா சொன்னாள்:

"இது யோசிச்சிகினு இருந்த நேரத்துலதான் நைனா நானு எழுந்து நடந்துகினு இருந்தேன்."

மேலே ஒருத்தர்

கிருத்திகை அன்று கடைக்குள் ஒரு புது மொட்டை நுழைந்தது. தலையில் ஈரச் சந்தனம், கழுத்தில் மாலை, பின்னால் சொந்தக்காரர்கள். பத்மாவின் முதலாளி. நான் அதற்கு முன்னால் அவரைப் பார்த்ததில்லை, அவரே சொல்லிக்கொண்டார். "அந்தப் பொண்ணு மிஷின நீதானே பாக்கற பெரியவரே? போன மாசம் குதிரை மாதிரி ஓடுச்சு. இப்ப எருமை மாதிரி படுத்துகினு கீது. இன்னா பண்ண அத?" பழசுங்க, சூடு தாங்கவில்லை, அவ்வளவுதான் இழுக்கும் என்று பாதி உண்மையைச் சொன்னேன். அவர் விடவில்லை. அவருடைய அக்கா மகன் கம்ப்யூட்டர் படித்தவன். பத்மா வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்து பார்த்திருக்கிறான். உள்ளே பழைய பிராசசரின் பெயர்தான் காட்டுகிறது. "புது மூளை போட்டதா அந்தப் பொண்ணு சொல்லிச்சே, அப்ப அது எங்க போச்சு?" என்றார்.

எங்கே போச்சு? பொதட்டூர்பேட்டையில் பூஜை அலமாரியில் இருக்கிறது. அதைச் சொன்னால் என் பெயர் பிழைக்கும், பத்மாவின் வேலை அந்த நிமிஷமே போகும். தயாளன் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். அவன் வலியில் முகத்தைச் சுளித்தான், நான் தலையைக் குனிந்துகொண்டேன். தலையைக் குனிந்தவனைப் பார்த்தால் ஊர் என்ன நினைக்கும்? நல்லதைக் கழற்றிக்கொண்டு பழசை வைத்துவிட்டான் என்றுதான். பின்னால் நின்ற சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சந்தனத் தலையைத் தடவிக்கொண்டு, மலைப் பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சொன்னார்:

"நான் ஒண்ணும் சொல்லல பெரியவரே. மேல ஒருத்தரு வேலப் புடிச்சிகினு எல்லாத்தையும் பாத்துகினுதான் இருக்காரு."

கழற்ற முடியாதது

அதற்கப்புறம் பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் எனக்கு லேப்டாப் வருவது நின்றுவிட்டது. பஸ் வரும், ஆள் இறங்கும், லுங்கியில் சுற்றின பை மட்டும் என் கடையைத் தாண்டி அடுத்த கடைக்குப் போகும். "உண்மைய சொல்லித் தொலைச்சா இன்னா?" என்று தயாளன் முனகிக்கொண்டே இருந்தான். போர்டு அவன் எழுதினது. திருடன் என்கிற பெயர் அதன் கீழே உட்கார்ந்திருக்கிற எனக்கு.

கடைசியாக ஒரு பை என் கடைக்குள்ளேயே வந்தது. பத்மா. இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை, அவளாகவே சுவரில் சாய்ந்துகொண்டாள். லுங்கியைப் பிரித்தால் உள்ளே புத்தம் புது லேப்டாப், தட்டு மாதிரி மெல்லிசு. "முதலாளி வாங்கிக் குடுத்தாரு நைனா. பழசு ஒழைக்க மாட்டேங்குது, பாவம்னு" என்றாள். நான் சொன்ன பொய்யை அவர் நம்பிவிட்டார் போலிருக்கிறது. என்னைத் திருடன் என்று எண்ணினதோடு, லேப்டாப் கிழடு என்பதையும் சேர்த்து நம்பியிருக்கிறார். "என்னால உனக்குக் கெட்ட பேரு" என்று ஆரம்பித்தாள். "வுடும்மா, மொட்ட அடிச்சா மறுபடி மொளைக்காமலா போவுது" என்றேன். முளைக்கிற வயசு எனக்குத் தாண்டிவிட்டது. அது வேறு விஷயம்.

"இதுலயும் மெதுவானது ஒண்ணு பாத்துப் போட முடியுமா நைனா?" என்று மெல்லக் கேட்டாள். புதுசைத் திறக்க எனக்குக் கை கூசியது. ஆனாலும் திறந்து காட்டினேன். குழியும் இல்லை, திருகும் இல்லை. பிராசசரை மதர்போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியே அனுப்பிவிடுகிறார்கள் இப்போது. எடுத்தால் எல்லாம் போய்விடும். செட்டிங்கில் போய் வேகத்தைக் குறைத்து வைக்கலாமே என்று தயாளன் எட்டிப் பார்த்தான். முடியாது என்றாள் பத்மா. அந்த அக்கா மகன் அங்கிருந்தே இதைப் பார்க்கிற மாதிரி ஏதோ போட்டுத்தான் கொடுத்திருக்கிறான். மூடியை மெதுவாக மூடினேன். பத்மா லேப்டாப்பை மறுபடி லுங்கியில் சுற்றினாள். பெல்ட்டைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். வாசலில் தொங்குகிற அட்டையை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அப்ப இனிமே மாத்தறதுன்னா என் முதுகத்தான் மாத்தணும். அதுக்கு யாராச்சும் எங்கயாச்சும் இந்த மாதிரி போர்டு மாட்டியிருந்தா சொல்லு நைனா."

லேப்டாப் ஒருத்தருடையது, அதன் வேகம் இன்னொருத்தருடையது, கெட்ட பெயர் மட்டும் எப்போதும் ரிப்பேர்காரனுடையது என்பதைத் தவிர இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை.